அம்பாசடரில் அடித்த வாடை

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து ஒருத்தன் திடீரென்று நாளைக்கு மூன்று வேளை குளிக்க ஆரம்பிக்கிறான். கழுத்தெல்லாம் சந்தனப் பவுடர் பூசிக்கொள்கிறான். சட்டைப் பையில் சின்னதாக ஓர் அத்தர் குப்பி வைத்திருக்கிறான். பெண்டாட்டிக்கு என்ன தோன்றும்? கௌசல்யாவுக்கும் அதேதான் தோன்றியது. யார் அவள், எந்தச் சந்துக்காரி என்று மனசுக்குள்ளேயே ஆரியசாலை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டாள்.

ஆனாலும் ஒன்று இடித்தது. அப்படிக் கிளம்புகிறவன் முகத்தில் ஒரு களை இருக்கும். உச்சிமாகாளியின் முகமோ இழவு வீட்டுக்குப் போய்வந்தவன் முகமாக இருந்தது. வேலை முடிந்து வந்ததும் மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளப் போனால் விடமாட்டான். "இரு மக்ளே, குளிச்சிட்டு வாரேன்" என்று ஒதுங்கிப் போவான். இருப்பதே ஒற்றை அறை. அதிலும் பாயைச் சுருட்டிக்கொண்டு போய் வாசற்படியை ஒட்டிப் போட்டுப் படுத்தான். மழைச்சாரல் காலில் அடித்தபோதும் உள்ளே தள்ளிப் படுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மகள் அடுத்த வீட்டில் டி.வி. பார்க்கப் போயிருந்த நேரம் பார்த்துக் கௌசல்யா கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

"யாருன்னு மட்டும் சொல்லிருங்க. நான் கத்த மாட்டேன்."

"என்னது யாரு?"

"இந்தச் சோப்பும் பவுடரும் அத்தரும் யாருக்காவ?"

உச்சிமாகாளி அவளை ஏறிட்டுப் பார்த்தான். நாற்பதைத் தாண்டிய மனுஷன் தன் தோளைத் தானே மோந்து பார்த்துக்கொண்டான்.

"ஏட்டி, உள்ளதைச் சொல்லு. நான் நாறுதேனா?"

கௌசல்யாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவன் கண்ணைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று.

உச்சிமாகாளி வள்ளியூர்ப் பக்கத்துக்காரன். பிழைப்புத் தேடித் திருவனந்தபுரம் வந்து, ஆரியசாலையில் டிராவல்ஸ் நடத்தும் ஜெயனிடம் டிரைவராகச் சேர்ந்தவன். ஜெயனிடம் வண்டிகள் பல இருந்தாலும் ஏ.சி. வைத்த அம்பாசடர் ஒன்றே ஒன்றுதான். வெள்ளை வண்டி. அதன் சாவி உச்சிமாகாளியிடம் இருந்தது. கல்யாண மாப்பிள்ளைகளும், துபாயிலிருந்து வந்து இறங்குகிறவர்களும், கோட்டைக்குள் அக்கிரகாரத்து மாமிகளும் அதில்தான் ஏறுவார்கள். அந்தச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கும்போது அவன் நடையே வேறாக இருக்கும்.

அந்த வருஷம் வைகாசிப் பாதியில் இடவப்பாதி மழை பிடித்ததிலிருந்து வண்டிக்குள் ஒரு வாடை. ஏ.சி. போட்டால் குப்பென்று வரும். துபாய்க்காரர் ஒருவர் கொட்டுகிற மழையில் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு நனைந்தபடியே வீடு போய்ச் சேர்ந்தார். ஏ.சி. மெக்கானிக் யூசுப் வந்து பார்த்தான். "கூலிங் டாப்பா இருக்கு" என்று சொல்லி, மல்லிகை வாசனைக் குப்பி ஒன்றைக் கண்ணாடியில் தொங்கவிட்டுப் போனான். அதற்கப்புறம் மல்லிகையும் வாடையும் சேர்ந்து வந்தன.

வெள்ளிக்கிழமை தோறும் நாகர்கோவிலில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போகிறவர் சீதாலக்ஷ்மி மாமி. அவர்தான் ஜெயனுக்குப் போன் போட்டு விஷயத்தை உடைத்தார். "வண்டி நன்னாத்தான் இருக்கு, ஜெயா. அந்த டிரைவர் மேலதான் ஏதோ நாத்தம். ஆளை மாத்து." போனில் சொன்னதோடு விட்டாரா? தெரு முழுக்கச் சொன்னார். அடுத்த வாரம் உச்சிமாகாளி வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியபோது, எதிர்வீட்டுச் சுசீலாபாய் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். இத்தனைக்கும் வண்டிக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு தெரு கிடந்தது.

ஜெயன் கெட்டவனில்லை. அதுதான் உச்சிமாகாளிக்கு இன்னும் வலித்தது. திட்டியிருந்தால் திருப்பிக் கேட்டிருப்பான். ஜெயன் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போய், ஒரு கட்டு சோப்பும் ஒரு குப்பி அத்தரும் கையில் கொடுத்தான். "சங்கடம் வேண்டா கேட்டோ. மனுஷனல்லே, சிலருக்கு உடம்பு அப்படியாக்கும்" என்றான். வாடை சோப்புக்கும் மசியாமல் போகவே, வருகிற வெள்ளி முதல் அம்பாசடர் இன்னொரு டிரைவரான அஜினுக்கு, சாலைக் கடைத்தெருவுக்குச் சரக்கு அடிக்கும் வேன் உச்சிமாகாளிக்கு என்று தீர்ப்பாகிவிட்டது. இதையெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவன் பெண்டாட்டியிடம் சொன்னான்.

"வேன் ஓட்டுறது எனக்குக் கேவலமில்ல புள்ள. நாறுதவனைச் சரக்கோட சரக்கா ஏத்திட்டாங்கன்னு ஊரே சொல்லுமே, அதைத்தான் தாங்க முடியல."

"அவங்க சொன்னா நீங்களும் நம்பிருவியளா?"

"நம்பாம? வண்டியில நான் ஒத்தையில இருக்கும்போதும் அடிக்குதே. வேற யாரு இருக்கா? அப்ப நான்தான?"

இப்படியும் ஒரு மனுஷனா என்று கௌசல்யாவுக்குக் கோபம் பொங்கியது. அவனைப் பிடித்து நிறுத்தி, உச்சந்தலையிலிருந்து அக்குள் வரை மோந்து பார்த்தாள். சோப்பு வாசனையைத் தவிர ஒரு மண்ணும் இல்லை. பிறகு கொடியில் கிடந்த அவனுடைய அழுக்குக் காக்கிச் சட்டையை எடுத்து மோந்தாள். டீசல், பீடி, வியர்வை. அதையெல்லாம் அவளுக்குக் கல்யாணமான நாளிலிருந்தே தெரியும். ஆனால் அந்தக் காலருக்கு அடியில் வேறொன்று மெல்லிசாக ஒட்டியிருந்தது. அதுவும் அவளுக்குத் தெரிந்ததுதான்.

கௌசல்யா தம்பானூரில் ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். மழைக்காலத்தில் புதுப்பெண்கள் அவசரத்தில் ஈரம் காயாத படுக்கை விரிப்பை மடித்து அடுக்கிவிடுவார்கள். இரண்டு நாள் கழித்து அலமாரியைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே ஒரு மக்கல் வாடை, அதேதான் இது. மனுஷ உடம்பில் அது வராது. தண்ணீர் போக வழியில்லாமல் தேங்கிய இடத்தில்தான் வரும்.

"நாளைக்குக் காலையில நான் ஷெட்டுக்கு வாரேன்" என்றாள்.

"வந்து என்ன மானத்தை வாங்கப் போற?"

"இனிமே வாங்க என்ன மிச்சம் இருக்கு? வாரேன்னா வாரேன்."

திங்கட்கிழமை காலை ஜெயன் சாமிபடத்துக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தபோது கௌசல்யா ஷெட்டுக்குள் நுழைந்தாள். டிரைவர்கள் எல்லாம் டீக் கிளாஸோடு திரும்பிப் பார்த்தார்கள். அவள் யாரையும் சட்டை செய்யவில்லை. புருஷனை ரோட்டைத் தாண்டி எதிர்க்கடை வாசலில் போய் நிற்கச் சொன்னாள். அவனும் பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பையன் மாதிரி போய் நின்றான்.

"முதலாளி, நீங்க வந்து டிரைவர் சீட்டுல உக்காருங்க. ஏ.சி.யைப் போடுங்க."

"எந்தினா?"

"சும்மா ஒரு ரவுண்டு போவோம். நான் ஏ.சி. வண்டியில ஏறினதே இல்லல்லா."

காலை நேரத்தில் ஒரு பொம்பளையோடு வாக்குவாதம் வேண்டாம் என்று ஜெயன் ஏறினான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். கௌசல்யா பின்சீட்டில் உட்கார்ந்து கதவை அடைத்தாள். ஜெயன் கண்ணாடிகளை ஏற்றி ஏ.சி.யின் குமிழைத் திருகினான். குப்பென்று வந்தது. ஜெயனே மூக்கைச் சுளித்தான்.

"இப்ப யாரு நாறுதா, முதலாளி? உள்ள இருக்கது நீங்களும் நானும்தான். அவுக ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்காவ."

ஜெயன் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தான். சமாளித்துக்கொண்டு, "அது பின்னே... அவன் தினமும் இருந்து சீட்டில பிடிச்சுப் போயி" என்றான்.

"சீட்டுல பிடிச்சா சீட்டுல இருந்துல்லா வரும். காத்து வார ஓட்டைகிட்ட மூக்கை வச்சுப் பாருங்க."

அவன் குனிந்து வைத்துப் பார்த்தான். வைத்த வேகத்தில் எடுத்தான். பிறகு வண்டியைச் சந்துக்குள் மெல்ல ஓட்டினான். பருப்பு மண்டியின் முனையில் திரும்பும்போது டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து களக் என்று ஒரு சத்தம் கேட்டது. குடத்தில் தண்ணீர் அலம்புகிற அதே சத்தம்.

"அதென்ன முதலாளி?"

ஜெயன் பிரேக்கை மிதித்தான். ஏ.சி. ஓடினால் பெட்டிக்குள் தண்ணீர் ஊறும், அது ஒரு ரப்பர் குழாய் வழியாக ரோட்டில் சொட்டிப் போகும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. இறங்கிக் குனிந்து பார்த்தான். வண்டிக்கு அடியில் ரோடு காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு இல்லை. முன்சீட்டுக்குக் கீழே ரப்பர் மிதியடியைத் தூக்கிப் பார்த்தான். அடியில் விரித்திருந்த சணல் மெத்தை ஊறிக் கறுத்து, பிழிந்தால் ஒரு வாளி தேறும்போல இருந்தது.

வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுவந்ததும் ஜெயனே அடியில் தலையை விட்டான். "எடோ! இத யாரு கெட்டியது?" என்று அங்கிருந்தே அலறினான். ரப்பர் குழாய் இரண்டாக மடக்கப்பட்டு, சைக்கிள் டியூபை வெட்டிய நாடாவால் இறுக்கக் கட்டப்பட்டிருந்தது. ஆத்திரத்தில் அவன் அதை வெடுக்கென்று பிடுங்கினான். பிடுங்கியிருக்கக் கூடாது. மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்த கரிய தண்ணீர் சளசளவென்று அவன் சந்தனத்திலும் வெள்ளைச் சட்டையிலும் கொட்டியது. டிரைவர்கள் டீயைக் கீழே வைத்துவிட்டுப் பின்வாங்கினார்கள். அந்த வாடை அப்படி.

ரோட்டைத் தாண்டி உச்சிமாகாளி ஓடி வந்தான். தரையில் கிடந்த நாடாவைப் பார்த்தான். அதைக் குனிந்து கையில் எடுத்தான்.

"நான்தான் கட்டினேன் முதலாளி."

எல்லாரும் அவனையே பார்த்தார்கள்.

சித்திரை வெயிலில் நடந்த சங்கதி அது. வெள்ளிக்கிழமை காலையில் மாமி ஏறும்போது வண்டி குளுகுளுவென்று இருக்கவேண்டும் என்பதற்காக உச்சிமாகாளி ஏ.சி.யை ஓடவிட்டபடியே வாசலில் காத்திருப்பான். சக்கரம் கோலத்தில் படாமல் நிறுத்துவதில் அவன் கெட்டிக்காரன். ஆனால் சொட்டுகிற தண்ணீர் வழிந்து ஓடிக் கோலத்தைக் கரைத்தது. "கார்த்தால எழுந்து போட்ட கோலமாக்கும், உன் வண்டி ஜலம் விட்டு அழிச்சுடுத்தே" என்று மாமி ஒரு நாள் ஆற்றாமையோடு சொன்னார். மறுவாரம் தெருமுனையிலேயே நிறுத்தி, குழாயை மடக்கிக் கட்டிவிட்டுத்தான் அக்கிரகாரத்துக்குள் போனான். கொஞ்ச நாள் அப்படிக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான். அப்புறம், ஓட்டல் வாசலில் பளிங்குத் தரையில் சொட்டுகிறது என்று அங்கேயும் யாரோ முகம் சுளித்தார்கள். சொட்டாத வண்டி எல்லாருக்கும் நல்லதுதானே என்று கட்டினதைக் கட்டினபடியே விட்டுவிட்டான். மழை வந்தது, வேலை கூடியது, மறந்தே போய்விட்டது.

"மாமி மனசு நோகக் கூடாதுன்னு கட்டினேன்" என்றான், குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவனைப் போல.

ஜெயனுக்குக் கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். டிரைவர்களும் சிரித்தார்கள். கௌசல்யா சிரிக்கவில்லை. இந்த மனுஷனை நாலு சாத்துச் சாத்தலாமா, கட்டிப்பிடித்துக்கொள்ளலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. யார் கோலத்துக்காகக் குழாயைக் கட்டினானோ, அவர் வாயாலேயே நாறுகிறவன் என்று பெயர் வாங்கியிருக்கிறான்.

யூசுப்பைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவன் பெட்டியைக் கழற்றிக் கீழே இறக்கியபோது தட்டு முழுக்கக் கரும்பச்சைச் சேறு. குளிர் தரும் கம்பிச் சுருளின் தகடுகளுக்கு நடுவிலும் அதே பிசுபிசுப்பு. யூசுப் மல்லிகைக் குப்பி கண்ணில் படாத பக்கமாகப் பார்த்துத் திருகாணிகளைப் பொறுக்கினான். கௌசல்யா புடவையைத் தூக்கிச் செருகினாள். ஓட்டல் விரிப்புகளுக்குச் செய்வதைத்தான் இங்கேயும் செய்தாள். வெந்நீரில் ஆப்பசோடாவைக் கரைத்துத் தட்டை ஊறவைத்துத் தேய்த்தாள். தகடு மடங்கிவிடும் என்று யூசுப் பதறியதால், சுருளை மட்டும் பழைய ஷேவிங் பிரஷ்ஷால் மெதுவாகத் தடவித் தடவிக் கழுவினாள். சணல் மெத்தையைக் கிழித்துக் குப்பையில் எறிந்தார்கள். ஆபீஸ் மேசை ஃபேனை எடுத்துவந்து வண்டிக்குள் வைத்து, நான்கு கதவையும் திறந்துபோட்டு, பெட்டிக்குள்ளும் வண்டிக்குள்ளும் துளி ஈரம் இல்லாமல் உலர்த்தினார்கள். புதன்கிழமை எல்லாவற்றையும் மாட்டி ஏ.சி. போட்டபோது காற்று வந்தது. வெறும் காற்று. வாடையும் இல்லை, வாசனையும் இல்லை.

"இனி வண்டிய நிறுத்துறதுக்கு முன்னாடி ஏ.சி.ய ஆஃப் பண்ணிட்டு ஃபேன மட்டும் கொஞ்ச நேரம் ஓட விடணும், பெட்டி உலரட்டும்" என்றான் யூசுப். உச்சிமாகாளி வேதவாக்கைக் கேட்டவன்போலத் தலையாட்டினான்.

ஆனால் ஜெயன், "வெள்ளிக்கிழமை மாமிட்ட அஜின் தன்னே போகட்டும். வாக்குக் குடுத்துப் போயல்லோ. ரெண்டு வாரம் கழிஞ்சு உச்சிமாகாளி எடுக்கட்டும்" என்றான். உச்சிமாகாளிக்கும் அதுவே நிம்மதியாக இருந்தது. மாமி முகத்தில் விழிக்க அவனுக்குத் தைரியம் இல்லை.

கௌசல்யா ஈரக் கையை உதறிக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"அஜின் ஓட்டி வாடை இல்லேன்னா தெருவுல என்ன பேசுவாவ? உச்சிமாகாளி போனான், வாடையும் போச்சும்பாவ. அப்புறம் ஆயுசுக்கும் அந்தப் பேரு போவாது. இவுகதான் ஓட்டணும், இந்த வெள்ளிக்கிழமையே ஓட்டணும்."

ஜெயன் யோசித்தான். "அது சரியாணல்லோ" என்றான்.

வெள்ளிக்கிழமை காலை அவள் சோப்பை எடுத்து ஒளித்து வைத்துவிட்டாள். வெறும் தண்ணீரில்தான் குளியல். பவுடர் கிடையாது. சட்டைப் பையிலிருந்த அத்தரை எடுத்துச் சாக்கடையில் கவிழ்த்தாள். பூசி மறைத்தான் என்று ஒரு நாக்கும் சொல்லக் கூடாது. அவன் வண்டியை எடுக்கப் போனதும், ஓட்டலுக்கு லீவு சொல்லிவிட்டுக் குடையோடு கோட்டைப் பக்கம் நடந்தாள்.

மழை விட்டிருந்தது. அக்கிரகாரத்தில் ஈர வாசல்களில் கோலம் போட்டிருந்தார்கள். அம்பாசடர் மாமி வீட்டைத் தாண்டி, சாக்கடை ஓரமாகச் சொட்டிக்கொண்டு நின்றது. மாமி பையும் கையுமாக இறங்கி வந்தார். டிரைவர் சீட்டில் இருப்பவனைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"ஜெயன் வேற ஆளை அனுப்பறேன்னானே?"

உச்சிமாகாளி ஸ்டியரிங்கைப் பார்த்தபடி இருந்தான். அவன் காது மடல் சிவந்திருந்தது. எதிர்ப்புறம் நின்ற கௌசல்யாவால் அதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தெருவைக் கடந்து வந்து, பின்கதவைத் தானே திறந்தாள்.

"மாமி, நான் இவரோட சம்சாரம். இன்னைக்கு ஒருநாள் மூக்கைப் பொத்தாம ஏறி உக்காருங்க. வாடை அடிச்சா இந்தத் தெரு பக்கம் நாங்க ரெண்டு பேரும் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டோம்."

மாமி அவளை மேலும் கீழும் பார்த்தார். என்ன நினைத்தாரோ, ஏறினார். கௌசல்யா கதவைச் சாத்தினாள். கண்ணாடிகள் ஏறியிருந்தன. ஏ.சி. இரைந்துகொண்டிருந்தது. மாமியின் கைக்குட்டை மூக்கில்தான் இருந்தது. பிறகு அது மெல்லக் கீழே இறங்கியது. மாமி மூச்சை இழுத்தார். சந்தேகத்தோடு முன்சீட்டுப் பக்கம் குனிந்து, உச்சிமாகாளியின் பிடரிக்கு ஒரு சாண் தூரத்தில் இன்னொரு தடவை இழுத்தார். வெளியே நின்ற கௌசல்யா கதவுக் கைப்பிடியை விடவில்லை.

கண்ணாடி இறங்கியது. "ஒண்ணுமே இல்லையே! அப்போ இத்தனை நாளா அடிச்சது என்னதுடீம்மா?"

வேண்டாம் என்று உச்சிமாகாளி கண்ணாலேயே கெஞ்சினான். கௌசல்யா கேட்கவில்லை. கோலம், குழாய், சைக்கிள் டியூப், சேறு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை, குறைக்கவும் இல்லை.

மாமி கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு வண்டியைவிட்டு இறங்கினார். போச்சு என்று கௌசல்யா நினைத்தாள். மாமி நடுத்தெருவில் நின்று, இடுப்பில் கைவைத்து, எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சுசீலாபாய்! இங்க வாங்கோ. வந்து இந்த வண்டியில ஏறி உக்காந்து பாருங்கோ. நான் சொன்னது தப்பு. இவன் மேல ஒரு நாத்தமும் இல்லை. என் கோலத்தைக் காப்பாத்தப் போயி இவன் தன் பேரைக் கெடுத்துண்டிருக்கான். தெரு பூரா நான்தானே சொன்னேன்? தெரு பூரா வந்து மோந்து பாக்கட்டும்!"

சுசீலாபாய் முந்தானையால் மூக்கை மூடியபடி வந்தாள், ஏறினாள், முந்தானையை எடுத்தாள். "ஆமா, ஒரு வாடையும் இல்லை" என்று இறங்கினாள். அடுத்த வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வேதபாடம் முடித்த வாத்தியார் ஒருவர் வந்து, உட்கார்ந்து, குளிர் சுகமாக இருக்கிறதென்று எழுந்திருக்க மனசில்லாமல் இருந்தார். அடுத்து நின்றவர்கள் சத்தம் போட்டுத்தான் அவரை இறக்கினார்கள். நடுவில் மழை பிடித்துக்கொண்டது. யாரும் கலையவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வாசல் கோலங்கள் கரைந்து ஓடின. மாமி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒவ்வொருவராக ஏற்றி இறக்கி, "என்ன, இருக்கா? சொல்லுங்கோ, இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

முன்சீட்டில் உச்சிமாகாளி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். தேரில் உட்கார்ந்த சாமிக்குக்கூட அப்படி ஒரு முகம் அமைந்திருக்காது. கௌசல்யா அதைக் கண்கொட்டாமல் பார்த்தாள். அழுகை வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. மழை பெய்கிறது, யாருக்குத் தெரியப்போகிறது?

கடைசி ஆள் இறங்கியதும் மாமி ஏறிக்கொண்டார். "கிளம்பு உச்சிமாகாளி. அக்கா காத்துண்டிருப்பா. நீ எங்கேடீம்மா போகணும்? ஏறிக்கோ, வழியில இறக்கி விடறோம்."

கௌசல்யா முன்கதவைத் திறந்து ஏறினாள். அம்பாசடரின் முன்சீட்டு ஒரே நீளப் பலகை. அவள் உட்கார்ந்ததும் உச்சிமாகாளி பழக்கதோஷத்தில் கதவை ஒட்டி நகர்ந்தான். கௌசல்யா அதே அளவு அவன் பக்கம் நகர்ந்து, தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தாள்.

"ஏட்டி, பின்னால மாமி இருக்காங்க" என்று முணுமுணுத்தான்.

"இருக்கட்டுமே. பாக்கட்டும்."

பின்சீட்டில் மாமி இருமினார். சிரிப்பை அடக்கிய இருமல். உச்சிமாகாளிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இந்த மழைக்காலம் முழுக்க அவன் சிரித்து அவள் பார்க்கவில்லை. அவன் நகராமல் அப்படியே உட்கார்ந்து கியரைப் போட்டான்.